ஒரு வீட்டுக்கு எத்தனை உண்டியல்?

குழந்தைகளின் தின்பண்டத்தைச் சுற்றி ஒரு கருத்து இப்போது மறுபேச்சில்லாமல் உலவுகிறது. சிறுதானியப் பண்டம் செய்கிறவர்கள், அதற்கு உறையும் டப்பாவும் வடிவமைத்துக் கொடுக்கிறவர்கள், இயற்கை அங்காடி நடத்துகிறவர்கள், பிள்ளைக்கு நல்லது கொடுக்க வேண்டும் என்று கவலைப்படும் பெற்றோர்கள் என எல்லோரும் இதையே சொல்கிறார்கள். குழந்தை முதலில் கண்ணால்தான் சாப்பிடுகிறது. கம்பெனிக்காரன் புலியையும் குரங்கையும் காட்டி மைதாவையும் சர்க்கரையையும் விற்கிறான். நாமும் யானையையும் மயிலையும் காட்டிச் சாமை முறுக்கை விற்போம். டப்பாவைத் தூக்கி எறிய மனம் வராதபடி அதை உண்டியலாகவோ பென்சில் பெட்டியாகவோ மாறும்படி செய்துவிட்டால் குப்பை குறையும், பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானும் கிடைக்கும், நம் பெயரும் அந்த வீட்டில் நிலைத்துவிடும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்கிறார்கள். ஒரு மாங்காய்கூட விழவில்லை என்பது என் வாதம்.

திருவண்ணாமலையில் இந்தக் கருத்துக்குச் செல்வாக்கு அதிகம். சாமை விளையும் ஜவ்வாதுமலையின் ஒரு பகுதி இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வெளியூர்க் கூட்டம் வந்து சேர்கிறது. பலர் பிள்ளைகளோடு வருகிறார்கள். ஆசிரமங்களை நாடி வந்து தங்கியவர்களால் இயற்கை உணவுக்கு இங்கே கடைகளும் வந்தன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, இந்தப் பண்டங்களை அழகான டப்பாவில் போட்டு நகரத்துக்கு அனுப்பினால் மலைவாழ் உழவருக்கும் நாலு காசு கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவியது. அந்த நம்பிக்கையில் பொய் இல்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளுக்கு எதிரே, வெள்ளைத்தாள் ஒட்டிய சாமை முறுக்கு நிற்க முடியாமல் தோற்றுப்போவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள்தான் யானைப் படத்தை நாடுகிறார்கள். அவர்களோடு எனக்குப் பகை இல்லை. எடுத்துக்கொண்ட ஆயுதம்தான் தவறு.

படம் போட்டால் பிள்ளை நல்லதைத் தின்னும் என்பதற்கு ஆய்வு இருக்கிறதே என்பார்கள். அப்படி அதிகம் எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் ஒன்று, கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க் குழுவினர் 2012இல் வெளியிட்டது. ஆப்பிளின்மேல் எல்மோ என்ற தொலைக்காட்சிப் பொம்மையின் படத்தை ஒட்டிவைத்தால் அதை எடுக்கும் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்றது அது. எட்டு முதல் பதினொரு வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்ததாகச் சொல்லப்பட்ட சோதனை, உண்மையில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடந்தது என்று பிறகு தெரியவந்தது. 2017இல் இதழ் அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அவரது பல்கலைக்கழகமே விசாரித்து, அவர் ஆய்வு முறைகேடுகள் செய்திருக்கிறார் என்று அறிவித்தது. ஆனால் எல்மோ ஒட்டிய ஆப்பிளின் கதைக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை.

நிற்கக்கூடிய ஆய்வுகளும் உண்டு. அவை சொல்வது வேறு. ஸ்டான்ஃபோர்டின் தாமஸ் ராபின்சன் 2007இல் வெளியிட்ட சோதனையில், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு உறைகளில் கொடுத்தார்கள். ஒன்று வெறும் உறை, மற்றது மெக்டொனால்ட்ஸ் உறை. கேரட்டும் பாலும்கூட மெக்டொனால்ட்ஸ் உறையில் வந்தபோது ருசியாக இருப்பதாகக் குழந்தைகள் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு, 'பாருங்கள், கேரட்டையும் உறையால் விற்க முடியும்' என்று மகிழ்கிறவர்கள் உண்டு. எனக்கோ இது அச்சம் தருகிறது. நாலு வயதில் ஒரு குழந்தையின் நாக்கு சொல்வதை உறை மாற்றிச் சொல்ல வைக்கிறது என்றால், அந்த வயதில் நாம் காப்பாற்ற வேண்டியது எதை? 2010இல் யேல் பல்கலைக்கழகத்தினர் நாலு முதல் ஆறு வயதுள்ள 40 குழந்தைகளிடம் செய்த சோதனையும் இருக்கிறது. கார்ட்டூன் படம் போட்ட பண்டமே ருசி என்று குழந்தைகள் சொன்னார்கள். ஆனால் பிஸ்கட்டிலும் இனிப்பு மிட்டாயிலும் இருந்த அந்த வேகம் கேரட்டில் குறைந்துபோனது. ஆக, இந்த ஆயுதத்தை இனிப்பு விற்கிறவன் எடுத்தால் நன்றாக வெட்டுகிறது. நாம் எடுத்தால் மழுங்கிவிடுகிறது. இருவரும் ஒரே மாதிரி ஆடினால் ஜெயிக்கப்போவது யார் என்பதில் சந்தேகம் ஏதும் இல்லை.

சாமை முறுக்கு செய்கிறவர் விரும்புவது என்ன? பிள்ளைக்குச் சாமையின் ருசி பிடிபட வேண்டும். அந்தத் தானியச் சுவையும் மொறுமொறுப்பும் நாவில் ஏறி, நாளைக்குச் சாமைச் சோற்றுக்கும் சாமை உப்புமாவுக்கும் அது வழி திறக்க வேண்டும். யானைக்காகத் தின்ற பிள்ளைக்கு அது நடக்காது. யானை இல்லாத சாமை அதற்கு அந்நியமாகவே இருக்கும். அடுத்த வாரம் வேறொருவன் டைனோசரைக் கொண்டுவந்தால் யானையும் போயிற்று, சாமையும் போயிற்று.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த கோபம் இருப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு டப்பா வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 டப்பா. டப்பா உண்டியலாக மாறும் என்றால், ஒரு வீட்டுக்கு எத்தனை உண்டியல் வேண்டும்? முதல் டப்பாவைப் பிள்ளை ஆசையாக வைத்துக்கொள்ளும். இரண்டாவதில் கிரேயான் போட்டுவைக்கலாம். மூன்றாவதில் அம்மா கடுகு கொட்டிவைப்பார். மீதி 49? அவை ஒவ்வொன்றும், பலநாள் தாங்க வேண்டும் என்பதற்காகவே கெட்டியாக வார்க்கப்பட்டவை. ஐந்து ரூபாய் பாக்கெட்டின் மெல்லிய உறையைவிடப் பல மடங்கு பிளாஸ்டிக் அவற்றில் இருக்கிறது. மறுபடி பயன்படும் என்று செய்த பொருள் மறுபடி பயன்படாவிட்டால், ஒருமுறை பொருளைவிட அது பெரிய கேடு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்குப் போட்டுப் பார்த்தது: பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவிவெப்பத்துக்கு அது நல்லதாகும். அதற்காகப் பருத்திப் பையைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை முறை என்ற கேள்வியைக் கேட்காமல் பொருளின் முகத்தைப் பார்த்து மட்டும் நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்பதே அதன் பொருள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் அதன் உயிர். விழாவுக்கு விழா புதுப் பை கொடுப்பதில் அது இல்லை.

நல்லெண்ணம் மட்டும் குப்பையைத் தடுக்காது என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் சிறு உறையில் அடைத்த ஷாம்புவை இங்கே முன்னோடியாகக் கொண்டுவந்தவர். பெரிய பாட்டில் வாங்க வசதியில்லாத ஏழைக்கும் ஷாம்பு எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் அதே சிறு உறையால் நாடெங்கும் பரவியது. எண்ணத்தில் குறை காண முடியாது. அந்த உறை தலைக்குக் குளித்தபின் எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. இன்று எந்த ஊர் ஆற்றங்கரையிலும் அதன் விடை கிடக்கிறது.

ஒரு பாத்திரம் மறுபடி பயன்படுவதும் படாததும் அதன் வடிவத்தால் வருவதில்லை. அதைத் திரும்ப வாங்குவதற்கு ஆள் இருக்கிறாரா, கழுவ இடம் இருக்கிறதா, கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஏதாவது கிடைக்கிறதா என்பதால் வருகிறது. இதை நம் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரனின் பாட்டில் எப்போதோ காட்டிவிட்டது. லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டிதான் நம் கோலி சோடா. தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது உள்ளிருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். மூடி என்று தனியாக எறிவதற்கு ஒரு தகரத் துண்டுகூட இல்லை. கட்டை விரலால் அழுத்தினால் எழும் சத்தமும், பொங்கும் நுரையும், குடிக்கக் குடிக்கக் கழுத்துப் பள்ளத்தில் உருளும் கோலியும் பிள்ளைகளுக்குத் தீராத விளையாட்டு. உள்ளே இருக்கும் கோலிக்காகவே புட்டியை உடைத்த சிறுவர்கள் லண்டனிலும் இருந்தார்கள், நம் தெருவிலும் இருந்தார்கள். விளையாட்டும் மறுபயனும் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளுக்கான புட்டி ஒன்றைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அது பல்லாண்டு சுழன்றதற்குக் காரணம் கோலியின் அழகு கிடையாது. குடித்துவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். சோடா கம்பெனிக்காரர் மரப்பெட்டியோடு வந்து காலிப் புட்டியை எண்ணி எடுத்துக்கொண்டுதான் நிரம்பியதை இறக்குவார். உடைந்தால் காசு.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது கோலி சோடாவுக்கு மறுபிறவி கிடைத்தது. மகிழ்ந்தேன். ஆனால் அதே வடிவப் புட்டி இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரியில் பல வண்ணங்களில் நிற்கிறது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். காலிப் புட்டியைக் கேட்டு வாங்க அங்கே யாரும் இல்லை. புட்டி அதே புட்டி, கோலி அதே கோலி. திரும்பும் வழி அடைபட்டதும் அது குப்பையாகிவிட்டது. மறுபயன் புட்டியில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

திரும்ப வாங்குவதெல்லாம் பழைய காலத்தோடு போயிற்று, இன்றைய வேகத்துக்கு ஒத்துவராது என்பார்கள். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்திய பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. குடித்துவிட்டு நிற்பவர் பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பார் என்று நம்பிச் செய்த அரசும் சமூகமும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு டப்பாவைத் திரும்பக் கொண்டுவரும் என்று நம்ப மறுப்பது எப்படி? பிராந்தி பாட்டிலுக்கு உள்ள ஏற்பாடு பிள்ளைகளின் முறுக்குக்கு இல்லாமல் போனதற்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஏனென்றால் டப்பாவை வடிவமைப்பவர்கள், தாங்கள்தான் உணவுக்கு விளையாட்டைக் கொண்டுவருகிறோம் என்று நம்புகிறார்கள். தமிழ்க் குழந்தை தின்ற பண்டத்தில் விளையாட்டு எப்போது இல்லாமல் இருந்தது?

கோடையில் நுங்கு வாங்குகிறோம். மூன்று கண்ணையும் விரலால் நோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் காயைக் குழந்தை எறிவதில்லை. இரண்டு காயை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நடுவில் ஒரு கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. சக்கரம் கோணினால் வேறு காய். ஊரின் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பந்தயம். ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கினால் அடுப்புக்குப் போகும். இதை வடிவமைத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. இதன்மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. வண்டியைச் செய்வது குழந்தையே. சக்கரம் ஏன் கோணிப்போகிறது, அச்சு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கற்றுக்கொள்வதும் அந்தக் குழந்தையே. பம்பரமாக மாறும் மூடியோடு ஒரு டப்பா வந்தால், அது பம்பரமாகத்தான் மாறும். வேறொன்றாக மாற்றத் தோன்றாதபடி எல்லாவற்றையும் பெரியவர்களே முடித்துவைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அதன் வித்தை தீர்ந்துவிடும், அடுத்த டப்பா வாங்கச் சொல்லி அழுகை வரும். அந்த அழுகைதான் விற்பனை.

கார்த்திகைத் தீபம் இந்த ஊரின் திருவிழா. அதே நாளில் நெல்லை, தூத்துக்குடி, குமரி வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். பனங்குருத்தோலையைக் கிழித்து, அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சுக்கும் பிசைந்து உள்ளே வைத்து, ஓலை நாரால் கட்டி அவிக்க வேண்டும். கட்டுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. ஓலையின் மணம் மாவில் ஏறுகிறது. ஓலையின் வரி கொழுக்கட்டையின் மேல் பதிகிறது. அச்சும் ஓலையே, உறையும் ஓலையே, தட்டும் அதுவே. சாப்பிட்டபின் ஆடு தின்னும். இதைவிட நேர்த்தியான உணவுப் பொதியை எந்த வடிவமைப்புக் கல்லூரியும் கொடுத்ததில்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜவ்வு மிட்டாய்க்காரரையும் சொல்ல வேண்டும். மூங்கில் கழியின் உச்சியில் கை தட்டும் பொம்மை. கீழே சுற்றியிருக்கும் மிட்டாயை இழுத்து, முறுக்கி, நம் கண் முன்னேயே கைக்கடிகாரமாகவும் மயிலாகவும் செய்து மணிக்கட்டில் கட்டிவிடுவார். அது சர்க்கரை, சாயமும் உண்டு; அதைச் சத்து என்று நான் சொல்லவில்லை. சாயத்தின் கேடு சின்னதும் கிடையாது. பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயம் கலந்திருப்பதைக் கண்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதை விற்கவே தடை போட்டது. நான் சொல்ல வருவது, அந்த மனிதரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அங்கே விளையாட்டாக இருந்தது என்பதை. சாமை முறுக்கைப் பிழியும் கையைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அச்சில் எந்த ஓட்டை வேண்டும், நட்சத்திரமா ஒற்றைக் கண்ணா என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மாவுக்குள்ளேயே விளையாட்டு இருக்கும்போது டப்பாவில் ஏன் அச்சிட வேண்டும்?

டப்பாவால் நம் பெயர் வீட்டில் நிலைக்கும் என்ற விஷயத்துக்கும் நம்மிடம் பதில் இருந்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினால் பாத்திரக் கடைக்காரர் அதே இடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார். பிள்ளையின் பெயர், சில நேரம் தேதியும் சேர்த்து. பத்துப் பேர் டப்பா ஒன்றாகக் கிடக்கும் வகுப்பில் தன் பெயரைத் தடவிப் பார்த்து எடுத்த பிள்ளைக்கு, அந்தப் பாத்திரம் தன்னுடையது. அக்காவின் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரும் ஏறும். ஒரு பண்டத்தின் டப்பாவில் குழந்தை பார்க்க வேண்டிய பெயர் எது என்று கேட்டால், அதன் சொந்தப் பெயர் என்பேன். அந்த இடத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்வதற்குத்தான் இன்று முத்திரை உருவாக்கம் என்று மரியாதையான பேர் கொடுத்திருக்கிறோம்.

இதெல்லாம் ஏக்கம், பனைமரம் இல்லாத அடுக்குமாடிப் பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளையும் நுங்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும், நாம் கைவைக்காத ஒரு சாதாரணப் பாத்திரத்தை அதனிடம் விடுவோம் என்றுதான் கேட்கிறேன். கொட்டாங்குச்சியும் சொப்புச் சாமானும் கொடுத்தால் இன்றைய பிள்ளையும் சமைத்து விளையாடுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சொப்புச் சாமான் இன்னும் விற்பனையாவதே அதற்குச் சாட்சி. சுத்தத்தைப் பற்றிய கவலை நியாயமானது. கோலி சோடாப் புட்டிகளை அரைகுறையாகக் கழுவிய கம்பெனிகள் உண்டு, அதனால் வந்த அவப்பெயரும் உண்டு. பதில் வெந்நீரும் சோப்பும் வெயிலில் காயவைக்க இடமும்தான். எவர்சில்வர் இதற்கென்றே பிறந்த உலோகம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அன்றாடம் கிச்சடியும் பொங்கலும் பிள்ளைகள் தட்டில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், கழுவி வைக்கிறார்கள். யானைப் படம் இல்லாமலேயே தட்டு காலியாகிறது. பசியும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் தோழனும், சூடான சோறும் போதுமானவையாக இருக்கின்றன.

இனி, 'அப்படியானால் களத்தைச் சிப்ஸ் கம்பெனிகளுக்கு விட்டுவிடுவதா?' என்ற கேள்வி. என்னை எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி இதுதான். விடக் கூடாது. ஆனால் அவர்களுடைய களத்தில் போய் அவர்களைப் போல் ஆடுவது போராட்டம் ஆகாது. களத்தின் விதியை மாற்ற வேண்டும். சிலி நாடு 2016இல் அதைச் செய்தது: சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அளவுக்கு மீறிய பண்டங்களின் உறையில் கார்ட்டூன் கூடாது, உள்ளே பொம்மை வைத்து விற்கக் கூடாது, முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை வேண்டும். அலமாரிகளில் இருந்த புலிகளும் முயல்களும் காணாமல் போயின. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் இத்தகைய பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. அந்த 50 மீட்டரை எந்த ஊரில் யார் அளந்து பார்த்தார்கள்? திருவண்ணாமலையின் பள்ளிக்கூட வாசல்களில் பெற்றோர் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து அதை அளக்கட்டும். 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு, போர்ன்விட்டா முதலானவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பட்டியலிலிருந்து நீக்கும்படி இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது. கேட்டால் நடக்கிறது.

நாமே நம் சாமை முறுக்கில் யானையைப் போட்டுவிட்டு, அவர்கள் புலியை எடுக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? 'நாங்களும் ராகி சேர்த்திருக்கிறோம், எங்கள் டப்பாவும் உண்டியலாகும்' என்று அவர்கள் நாளைக்கே வருவார்கள். நம்மைவிட அழகான உண்டியல் செய்ய அவர்களிடம் பணம் இருக்கிறது. குழந்தையின் கண்ணை வியாபாரத்துக்குப் பிடித்துப்போடுவது தவறு என்ற ஒரே இடத்தில் நின்றால்தான் நம் பேச்சுக்கு வலு.

வடிவமைப்பாளர்களுக்கு வேலையே இல்லை என்றா சொல்கிறேன்? இந்த ஊரில் அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கிறது. 2019 ஜனவரி முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையோடு வருகிறவர்களுக்குக் குலுக்கல் போட்டுத் தங்க, வெள்ளிக் காசு கொடுத்துப் பார்த்தது மாவட்ட நிர்வாகம். அன்னதானம் செய்வோர் பாக்குமட்டைத் தட்டுக்கும் மந்தாரை இலைக்கும் மாறும்படி சொல்லப்பட்டார்கள். ஆனாலும் பௌர்ணமி விடிந்ததும் கிரிவலப் பாதையில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுவது என்ன என்று போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கையில் இருந்த பண்டத்தின் உறை அதில் பெரும் பங்கு.

14 கிலோமீட்டர்ப் பாதை. வழியில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொரு லிங்கத்துக்கும் அருகில் மக்கள் நின்று, உட்கார்ந்து, மூச்சு வாங்கிப் போகிறார்கள். திரும்ப வாங்கும் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நிலவரைபடம் வேறு ஊருக்கு வாய்க்கவில்லை. அக்னி லிங்கத்தில் இருபது ரூபாய் முன்பணம் கொடுத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் சுண்டலோ சாமைப் பொங்கலோ வாங்கும் பிள்ளை, குபேர லிங்கத்தில் கிண்ணத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர் மறந்தாலும் பிள்ளை மறக்காது. அந்த இருபது ரூபாய் தனக்கு என்று சொல்லிவிட்டால் கிண்ணம் பத்திரமாக வந்து சேரும். இதற்குச் செய்ய வேண்டிய வடிவமைப்பைப் பாருங்கள். எல்லாக் கடைக்கும் ஒரே அளவுக் கிண்ணம், அடுக்கினால் இடம் அடைக்காத சரிவு, மூலை முடுக்கில் சோறு ஒட்டாத வளைவு, நாலு வயதுக் கைக்குச் சூடு தெரியாத விளிம்பு, நடக்கும்போது சிந்தாத மூடி. கீழே விழுந்தால் நசுங்காமலும் இருக்க வேண்டும். எவருடைய முத்திரையும் அதில் வேண்டாம். கடைக்காரர்கள் ஒருவர் கிண்ணத்தை மற்றவர் வாங்கிக்கொள்ள முடிவது அப்போதுதான். காய்ந்த பண்டங்களுக்குக் கடையில் கண்ணாடிப் புட்டியும், வீட்டிலிருந்து வரும் பெயர் வெட்டிய டப்பாவும் போதும். சட்டம் கேட்கும் விவரங்கள், அதாவது என்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, யார் செய்தது, எல்லாம் ஒரு வெள்ளைச் சீட்டில் தெளிவான தமிழில் இருக்கட்டும். அதைப் பெற்றோர் படிக்கட்டும். பிள்ளை முறுக்கைப் பார்த்தால் போதும்.

இதற்குச் செலவு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பெரிய செலவு கழுவும் கூலி. பௌர்ணமி இரவில் ஆயிரக்கணக்கான கிண்ணங்களைக் கழுவிக் காயவைத்து விடியலுக்குள் மறுபடி கடைக்கு அனுப்ப ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். காலை உணவுத் திட்டத்தில் ஊர் ஊராகச் சமைத்துக்கொண்டிருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அந்த வேலை தெரியும். ஆனால் அதைச் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொள்ளக் கூடாது. நாலு வண்ண அச்சுக்கும், வார்ப்பு அச்சுக்கும், யானை வரைந்தவருக்கும் இப்போது கொடுக்கும் பணத்தை எடுத்து அந்தக் கூலியில் போடுங்கள். ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூரிலிருந்தோ போளூரிலிருந்தோ அடுத்த சாமைப் பண்டத்தோடு வரப்போகிறவர்கள், டப்பாவுக்குப் படம் தேடி வடிவமைப்பாளரிடம் போகும் முன், காலி டப்பா திரும்பி வரும் நாளில் அதைக் கழுவ வெந்நீரும் ஆளும் எங்கே என்று எழுதிக்கொண்டு போகட்டும்.